எதை அடிக்கலாம்?

“மேலயும் எக்ஸ், கீழயும் எக்ஸ், அடிச்சிட்டேன்.” உயர்நிலை 2 பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி காதில் விழும். என் அக்கா மகளின் கணக்கில் மேலே எக்ஸ் கூட்டல் 3, கீழே எக்ஸ் கூட்டல் 5. விடை ஐந்தில் மூன்று என்று எழுதி, சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி வாங்கியிருந்தாள். ஆண்டிறுதியில் பாடத் தேர்வு. பொறியியல் படிக்க ஆசைப்படும் பெண், கூடுதல் கணிதம் வேண்டவே வேண்டாம் என்றாள்.

எக்ஸுக்கு 1 போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆறில் நான்கு, அதாவது மூன்றில் இரண்டு வந்தது. “தப்புதான். ஆனா ஏன் அடிக்கக்கூடாது சித்தி?”

பதில் சொன்னவர் என் அம்மா. 1982ல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் 1960களில் படித்தவர். கணக்கையும் தமிழில்தான் படித்தார். “தொகுதிக்கும் பகுதிக்கும் பொதுக் காரணி இருந்தாத்தான் அடிக்கலாம்.”

“தொகுதின்னா எலெக்‌ஷன் தொகுதியா பாட்டி?”

நியூமரேட்டர், டினாமினேட்டர், ஃபேக்டர் என்று நான் மொழிபெயர்த்தேன். நேரலை நிகழ்ச்சி நடத்துவது இதைவிடச் சுலபம்.

அம்மா தேக்கா சந்தையில் வாங்கி வந்த பையை எடுத்து வைத்தார். ஒரு பையில் 2 தேங்காய், 3 மாங்காய். இப்படி 4 பை, 4 பேர். ஆளுக்கொரு பை, பிரித்துப் பார்க்கவே வேண்டாம். அந்த 4தான் காரணி, மொத்தத்தையும் பெருக்கி நிற்கிறது. இப்போது பை இல்லை. 4 தேங்காய், 3 மாங்காய், அதே 4 பேர். தேங்காயை மட்டும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு எழுந்துவிட முடியுமா? மாங்காயை யார் வெட்டுவது? கூட்டலில் நிற்பவை உறுப்புகள். வகுத்தால் எல்லாவற்றையும் வகுக்க வேண்டும்.

‘அடிப்பது’ என்ற சொல்தான் குழப்புகிறது என்பது என் எண்ணம். உண்மையில் மேலும் கீழும் ஒன்றாலேயே வகுக்கிறோம். 64ல் 16 என்ற பின்னத்தில் இரண்டு 6களையும் அடித்தால் நான்கில் ஒன்று, விடையும் சரி! வெறும் தற்செயல். கீழே 65 என்று மாற்றிப் பாருங்கள், வேலைக்காகாது.

அடுத்த கணக்கு: மேலே எக்ஸ் வர்க்கம் கழித்தல் 9, கீழே எக்ஸ் வர்க்கம் கூட்டல் 5 எக்ஸ் கூட்டல் 6. இம்முறை முதலில் பை கட்டினாள். மேலே எக்ஸ் கூட்டல் 3, எக்ஸ் கழித்தல் 3. கீழே எக்ஸ் கூட்டல் 3, எக்ஸ் கூட்டல் 2. பொதுவான பை போயிற்று. எக்ஸுக்கு 4 போட்டாள்; அடிப்பதற்கு முன்பும் பின்பும் ஆறில் ஒன்று. “அடிச்ச பை சுழியா இருக்கக்கூடாதும்மா” என்று பாட்டி ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்.

கூடுதல் கணிதம் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால், தாளில் மீதமிருந்த 6 கணக்குகளையும் முடித்துவிட்டுத்தான் சாப்பிட வந்தாள்.