சாப்பர் அண்ணன்

மே 11, 2024, சனி

இன்று அண்ணனின் நினைவு நாள். காலையில் படத்தைத் துடைத்துக் கதம்பம் சாத்தினேன். எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு கிடையாது. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு முதல் உலகப் போர் காலத்திலிருந்தே அது பழக்கம். கூடத்தில் சீருடைப் படம் தொங்குவதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. மற்ற வீடுகளில் பாகிஸ்தான் சண்டை, கார்கில் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் வருஷத்தோடு நிறுத்திக்கொள்வோம். 1988. எங்கே என்று கேட்டால் அம்மா தெற்கே கையைக் காட்டி, "அந்தப் பக்கம்" என்பார். சாகும்வரை ஊர்ப் பெயரை அவர் சொல்லவில்லை.

அண்ணன் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் சாப்பர். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் அவர்களுடைய சென்டர். 1780லிருந்து இருக்கும் படைப்பிரிவு. பாலம் கட்டுவது, பாதை போடுவது, எதிரி புதைத்து வைத்ததைத் தோண்டி எடுப்பது இவையெல்லாம் அவர்கள் வேலை. வண்டிகள் நகர வேண்டுமென்றால் அதற்கு முன்னால் சாப்பர் நடந்திருக்க வேண்டும். ராணுவத்தில் மெட்ராஸ் சாப்பர்களைப் பெரிய அதிகாரிகூடத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாராம். அதைச் சொல்லும்போது அண்ணனுக்கு முகமெல்லாம் பெருமையாக இருக்கும்.

1987 பொங்கலுக்கு லீவில் வந்தார். பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் காட்பாடியில் இறங்கி, வெள்ளை பெயிண்டில் நம்பரும் பெயரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றார். அப்பாவுக்கு கேன்டீன் ரம், அம்மாவுக்குக் கம்பளி, எனக்கு எச்எம்டி வாட்ச். காணும் பொங்கலன்று தெருப் பிள்ளைகளையும் என்னையும் பாலாற்றுக்கு அழைத்துப் போனார். ஆறு அப்போதும் மணல்தான். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடிகளைக் கொடுத்து, தான் திரும்பி நிற்கும்போது புதைத்து வைக்கச் சொன்னார். பிறகு குப்புறப் படுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை மணலுக்குள் சாய்வாக விட்டார். நேராகக் குத்தினால் முனை வெடியின் தலையில் போய் அழுத்திவிடும். முப்பது டிகிரி சாய்வில் விட்டால் பக்கத்தில்தான் தட்டும் என்றார். கம்பியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பிடித்திருந்தன. தட்டுப்படவில்லையென்றால் இரண்டு விரற்கடை தள்ளி மறுபடி. ஓரிடத்தில் நிறுத்தி, கம்பியை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கையாலும் மணலை ஓரத்திலிருந்து விலக்கினார். மூடி தெரிந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். என் கையில் கம்பியைக் கொடுத்து, "அவசரப்படாத. முதல்ல மூச்சு விடு" என்றார்.

அண்ணன் என்ன வேலை செய்தார் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான்.

மே 21, 2024, செவ்வாய்

டி.வி.யில் ராஜீவ் காந்தியின் ஸ்ரீபெரும்புதூர் நினைவிடத்தைக் காட்டினார்கள்.

அண்ணன் இலங்கைக்குப் போனது இந்திய அமைதிப்படையில். 1990 மார்ச் 24 அன்று அந்தப் படையின் கடைசிப் பிரிவு திருகோணமலையில் கப்பல் ஏறியது. சென்னையில் நடந்த வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை. ஈழத் தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவருடைய நிலை. செய்தி வந்த பேப்பரைப் படித்துவிட்டு அப்பா மடித்துத் திண்ணையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முடிவுக்கு நியாயம் இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த செய்திகள் அப்படிப்பட்டவை. ஆனால் அது ஊருக்குள் எப்படி வந்து இறங்கியது என்பதை நாங்கள்தான் பார்த்தோம். டீக்கடையில் அப்பா போய் உட்கார்ந்தால் பேச்சு மாறும். என்னைப் பெண் பார்க்க வந்த இடத்தில், "பையன் அங்க எதுக்குப் போனான்?" என்று கேட்டார்கள். பட்டாளத்தில் இருப்பவன் எதற்குப் போவான்? போகச் சொன்னார்கள், போனார்.

அடுத்த வருஷம் இதே நாளில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். சில நாட்களுக்குள் கரை வேட்டிக்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். அண்ணன் படத்துக்கு ரோஜா மாலை. "புலிகளுக்குப் பலியான மாவீரன்" என்று மைக்கில் சொன்னார்கள். முந்தின வருஷம் தலையைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் சிலர் அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் இருந்தார்கள். அன்று அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. இகழ்ந்தவர்களும் சரி, மாலை போட்டவர்களும் சரி, அண்ணன் எப்படி இருப்பார், என்ன எழுதினார், எப்படிச் செத்தார் என்று எங்களிடம் கேட்கவில்லை. அவரவர் சொல்ல வந்ததைச் சொல்ல எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம் இருந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 30, 2024, செவ்வாய்

1987ல் கொழும்பில் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள் அமைதிப்படை இலங்கையில் இறங்கியது. அந்த நாள் இதுதான். ஆரம்பத்தில் யாழ்ப்பாணத்துச் சனங்கள் அவர்களுக்கு மாலை போட்டார்கள். செப்டம்பர் 26ல் நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த புலிகளின் திலீபன் இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில் பலாலியில் கைதிகளாக இருந்த புலித் தளபதிகள் குமரப்பாவும் புலேந்திரனும் மற்றவர்களும் சயனைடு கடித்துச் செத்தார்கள். அதே மாதம் 10ஆம் தேதிக்குள் சண்டை. காக்கப் போன படை மூன்று மாதம் முடிவதற்குள் சண்டைக்காரப் படையாகிவிட்டது.

அண்ணனின் யூனிட் 1988 தையில் போனது. அங்கிருந்து வந்த கடிதங்கள் கொஞ்சம்தான். இன்று பெட்டியைத் திறந்து எடுத்துப் படித்தேன். ஊரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும்தான் நிறைய எழுதியிருக்கிறார். பனைமரம் நம் ஊரைப் போல இல்லை, ஆயிரக்கணக்கில் நிற்கிறது என்று ஒன்றில். இன்னொன்றில் இப்படி இருக்கிறது:

"செக்போஸ்டில் என்னை நிறுத்துகிறார்கள், தமிழ் தெரியும் என்று. இந்திக்கார ஹவில்தார் சொல்வதை நான் சனங்களுக்குச் சொல்ல வேண்டும். 'கையைத் தூக்கு, பையைக் கொட்டு' என்று வயசானவர்களிடம் சொல்ல வாய் கூசுகிறது. நேற்று ஒரு ஆயா, 'தம்பி, நீ தமிழ்ப் பொடியனே?' என்று கேட்டது. ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் போய்விட்டது. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே."

அம்மா கேட்க நான் அதைப் படித்ததே இல்லை.

மே 11 காலை, வவுனியாவுக்கு வடக்கே. கான்வாய் கிளம்பும் முன் பாதையைச் சோதித்துத் திறக்கும் வேலை. அஸ்தியோடு வந்த நாயக் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதுதான் எனக்குத் தெரிந்தது. மதகுக்குக் கீழே ஒரு வெடியைக் கண்டுபிடித்து அண்ணன் எடுத்துவிட்டார். பக்கத்திலேயே இரண்டாவது இருந்திருக்கிறது. பெட்டி மரத்தில் செய்தது. மைன் டிடெக்டர் உலோகத்துக்குத்தான் சத்தம் கொடுக்கும். அவருக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அந்த நாயக் திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணனுக்கு அப்போது இருபத்தைந்து வயசு.

உடல் வரவில்லை. தந்தி வந்தது, பிறகு அஸ்தி வந்தது, பிறகு டிரங்குப் பெட்டி வந்தது. 1999ல் கார்கிலில் இறந்தவர்களின் உடல்கள் மூவண்ணக் கொடி போர்த்தி ஊர் ஊராக வந்ததை டி.வி.யில் பார்த்தபோது அம்மா சொன்னது, "அவங்கள்லாம் முகத்தயாவது பாத்தாங்க."

அக்டோபர் 2, 2024, புதன்

மகாளய அமாவாசை. படையல் போட்டோம். அண்ணனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ச் சாம்பார், வடை. கல்யாணம் ஆகாமல் போனவர் என்பதால் சடங்குகளை என் மகன்தான் செய்கிறான்; மாமாவைப் பார்த்திராத பிள்ளை.

காந்தி ஜெயந்தி என்பதால் காலையில் கிராம சபை. அண்ணன் படித்த பள்ளியில்தான் நானும் வேலை பார்க்கிறேன். அந்தப் பள்ளி வாசலில் அவர் பெயரில் ஒரு கல் வைக்க அனுமதி கேட்டு மனுக் கொடுத்தேன். கல்லுக்கான செலவு எங்களுடையது. முனகல் இல்லாமல் ஒப்புக்கொண்டார்கள். வாசகத்தை எழுதித் தரச் சொன்னார்கள்.

அக்டோபர் 31, 2024, வியாழன்

தீபாவளி. இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்து எங்கள் பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் அம்மா எனக்குப் பல வருஷப் பழக்கம். நன்றாகத் தைப்பாள், என் ரவிக்கை எல்லாம் அவள் கைவேலைதான். அதிரசம் எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டில் பட்டாசும் இல்லை, பலகாரமும் இல்லை. எப்போதும் அப்படித்தான், நானும் கேட்டதில்லை. இன்று பள்ளி வாசலில் கல் வைக்கப் போகும் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குத் தெரியாமல் அதை வைக்க எனக்கு மனம் இல்லை.

கையில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, எங்கட அப்பாவ வீட்டு முற்றத்தில வச்சுச் சுட்டவங்கள். எண்பத்தேழு ஐப்பசி, தீபாவளிக் கிழமை. இந்தியன் ஆமி."

அந்தத் தீபாவளி அக்டோபர் 21. அன்றைக்குத்தான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அமைதிப்படை நுழைந்து சுட்டது. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை நான் பல முறை படித்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் வாயால், அதே வாரத்தில் நடந்த ஒரு சாவைக் கேட்பது வேறு.

அண்ணன் அப்போது இலங்கையில் இல்லை, அடுத்த தையில்தான் போனார் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவள் கேட்காத கணக்கு அது. "உங்கட அண்ணா எப்படிச் செத்தவர்?" என்று அவளே கேட்டாள். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டவர்கள் குறைவு. மிதிவெடி எடுக்கும் வேலை, மதகு, மரப்பெட்டி எல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டாள். மிதிவெடியில் கால் போன பிள்ளைகளை ஊரில் பார்த்திருப்பதாகச் சொன்னாள். பிறகு, "கல்லை வையுங்கோ அக்கா. எங்க செத்தவர் எண்டதையும் எழுதுங்கோ" என்றாள்.

அதிரசத்தைப் பேத்திக்கு எடுத்து வைத்தாள்.

நவம்பர் 25, 2024, திங்கள்

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இறந்த நாள். 1987ல் இதே தேதியில் யாழ்ப்பாணத்தில் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிராளியின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டவர். அந்தப் போருக்காகப் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அந்தத் தீவில் ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இறந்தார்கள். கொழும்பை அடுத்த கோட்டேயில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 2015 மார்ச்சில் பிரதமர் மோடி அங்கே மலர்வளையம் வைத்ததை டி.வி.யில் பார்த்தேன். கேமரா பெயர்களுக்குப் பக்கத்தில் போகுமா என்று காத்திருந்தேன், போகவில்லை.

டெல்லியில் தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த பிறகு மகன் என்னை அழைத்துப் போனான். வட்டமாக எழுந்து நிற்கும் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொன்றும் ஒரு கருங்கல் துண்டில் பொன் எழுத்தில். அண்ணன் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆனது. டிரங்குப் பெட்டியில் இருந்த அதே நம்பர். காவலுக்கு நின்ற பையன் பஞ்சாபியாக இருக்க வேண்டும். நான் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். கீழ்வரிசையில் இருந்ததால் கை எட்டியது. அதற்காக எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுதவே முடியாது.

பள்ளிக் கல்லின் வாசகம் இன்று திரும்பி வந்திருக்கிறது. 'இலங்கையில்' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, 'நாட்டின் எல்லையில் வீரமரணம் அடைந்த' என்று மேலே எழுதியிருக்கிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை. வீண் பேச்சு வரும் என்று பயப்படுகிறார்கள். "டீச்சர், படிக்கிறவங்களுக்கு ஒரு மரியாதை வரணுமில்ல" என்றார் கொண்டுவந்து கொடுத்தவர்.

அண்ணன் எல்லையில் சாகவில்லை. நம் மொழி பேசும் இன்னொரு நாட்டுச் சனங்களின் சாலையில், அவர்களில் பாதிப் பேர் வெறுத்த ஒரு படையில் இருந்துகொண்டு, வெடியைத் தோண்டும்போது செத்தார். அந்தப் படை அங்கே செய்த கொலைகளும் உண்மை. என் அண்ணன் நல்லவர் என்பதும் உண்மை. முதலாவதைச் சொன்னால் அண்ணனுக்கு இழுக்கு என்று நான் நினைக்கவில்லை. இடத்தை மறைத்தால்தான் இழுக்கு. அம்மா கையை மட்டும் காட்டிக்கொண்டு காலம் தள்ளியது போதும்.

அடித்ததை மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கல்லில் அவருடைய நம்பர், 'லான்ஸ் நாயக்' என்ற பதவி, பெயர், கீழே 'இலங்கையில், 11.5.1988' என்று இருக்கும். அந்த வரி இல்லாத கல் எங்களுக்கு வேண்டாம்.