பெக்கோவின் சீலும் சைக்கிள் பம்பின் வாசரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெக்கோ என்று வழங்கும் மண் அகழும் இயந்திரத்தின் கை, தூக்கிய இடத்தில் நில்லாமல் தானாகத் தாழும்போதும், அக்கையை இயக்கும் சிலிண்டரின் வாயோரம் ஒயில் கசியும்போதும், 'சீல் போயிட்டுது' என்பதே திருத்துநரின் முதல் தீர்ப்பாக இருக்கும். சீல் என்பது பிஸ்டனின் காடியிலும், பிஸ்டனோடு இணைந்த றொட் வெளியே நீளும் சிலிண்டர் மூடியின் காடியிலும் அமர்ந்து ஒயிலைத் தடுத்து வைக்கும் வளையமாகும். கார் ரயரின் அழுத்தம் ஏறக்குறைய 2 பார் என்றால், இவ்வளையம் தாங்குவது 200 முதல் 350 பார் வரையாகும்.

சில மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலியூரிதேன் இதைத் தாங்குவது வலிமையால் அன்று, வடிவத்தால். அதன் குறுக்குவெட்டு பகர எழுத்தைப் போன்றது. ஒயில் அதன் வாய்க்குள் புகுந்து இரு உதடுகளையும் விரித்து, ஒன்றை றொட்டிலும் மற்றதைக் காடியின் சுவரிலும் அழுத்துவதால், அழுத்தம் ஏற ஏற அடைப்பும் இறுகுகிறது. ஜோசப் பிராமா 1795 இல் காப்புரிமை பெற்ற நீரழுத்தப் பொறியின் கசிவை, அவரிடம் பணியாற்றிய ஹென்றி மோட்ஸ்லி தோல் வளையத்தால் தீர்த்ததாகக் கூறப்படுவதும் இத்தத்துவத்தாலேயே ஆகும். காய்ந்துபோன சைக்கிள் பம்பின் தோல் வாசருக்குத் தேங்காயெண்ணெய் தடவி, விளிம்பைக் கீழ்நோக்கி மாட்டிப் பழகிய யாழ்ப்பாணத்தாருக்கு இது புதிதன்று.

ஆகவே சீலின் உதடு அழுத்தம் வரும் பக்கத்தையே பார்க்க வேண்டும்; மூடியின் வெளிவாயில் அமரும் தூசி சீலின் உதடு மட்டும், றொட்டில் ஒட்டிய மண்ணை வழிப்பதற்காக, வெளியே பார்க்கும். கைத்திறன் முழுதும் வெளிப்படுவது றொட் சீலை அமர்த்தும்போதுதான். காடி மூடியின் உட்சுவரில் இருப்பதால், விறைத்த வளையத்தைச் சுடுநீரில் இளக்கித் துடைத்து, ஒயில் தடவி, ஒருபுறத்தை உள்ளே அழுத்தி மரமுந்திரிகைப் பருப்பைப் போல வளைத்துச் செலுத்தினால், அது சடக்கென விரிந்து காடியில் விழும். முரண்டு பிடித்தால் மழுங்கிய மரக்குச்சி துணையாகலாம். ஸ்குறூ டிரைவர் ஆகாது, ஏனெனில் அதன் முனை இடும் மயிரிழைக் கீறல் ஒன்றே கசிவுக்குப் போதும். மூடியை ஏற்றுமுன் றொட்டின் மரைமீது ரேப் சுற்றுவதும் இவ்வச்சத்தினாலேயே ஆகும்.

ஆயினும் எல்லாப் பழியையும் சீல்மீது போடுவது அநியாயம். றொட்டின் குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் உண்டு. குடாநாட்டின் உப்புக் காற்றும் ஈரமும் அவற்றினூடே இரும்பை எட்டித் துருவாக்க, பூச்சு பொட்டுப் பொட்டாகப் பெயர்கிறது. செம்மண்ணுக்கு அடியில் கிடக்கும் சுண்ணக்கல்லை உடைக்கையில் தெறிக்கும் சில்லுகளும் வடு வைக்கின்றன. எனவே அனுபவசாலி, சீல் பொதியைப் பிரிக்குமுன் றொட்டை நகத்தால் வருடிப் பார்ப்பார். நகம் தட்டுப்படும் இடம் புதிய சீலையும் அறுக்கும். அந்த றொட்டைத் தீட்டி மறுபடி குரோம் ஏற்ற நாள் பிடிக்குமென்பதால், 'இப்போதைக்குச் சீலை மட்டும் மாத்துங்கோ' என்று உரிமையாளர் அவசரப்படுத்துவதும் இயல்பே.

பூட்டிய சிலிண்டரைச் சுமையின்றி மெதுவாகப் பலமுறை நீட்டி மடக்கிக் காற்றை அகற்றுவர். அகப்பட்ட காற்று சடுதியாக அமுங்கிச் சூடேறினால், ஒயில் ஆவி பற்றி, புதிய சீலையே கருக்கிவிடும். நீட்டிய றொட்டில் ஒயில் துளியாகத் திரளாமல், விரல் வைத்தால் மட்டும் தெரியும் மெல்லிய படலமாக நின்றால் வேலை சரி. முற்றாக உலர்ந்த றொட் சீலைத் தேய்த்துவிடும்.