ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் கம்ப்ரஸர்

தண்ணீர்க் குழாய் ஒழுகினால் தரை நனையும். அன்றே பிளம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள். எண்ணெய் ஒழுகினால் கறை படியும். கேஸ் கசிந்தால் வாடை வரும். கம்ப்ரஸர் காற்று கசிந்தால் இதில் எதுவும் கிடையாது. காற்று காற்றோடு போய்விடும். மின்சார பில் மட்டும் மாதாமாதம் வரும், அதிலும் காற்றுக்கென்று தனி வரி இருக்காது. ஆலைகளில் கம்ப்ரஸர் அமுக்கித் தருவதில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே போவதுண்டு என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் கையேடு சொல்கிறது.

நியூஜெர்சி மிடில்செக்ஸ் கவுண்டியில் ஷாம்பூ, லோஷன் பாட்டில் நிரப்பும் நடுத்தர ஆலை ஒன்றுக்கு, இந்தக் கசிவுகளைத் தேடிப் போகும் ஒரு கோவைத் தம்பியோடு போயிருந்தேன். பீளமேட்டில் டிப்ளமோ படித்தவர். இப்போது கம்ப்ரஸர் டீலர் ஒருவரிடம் லீக் சர்வே வேலை. காற்றை அமுக்கும் தொழில் கோவைக்காரர்களுக்குப் புதிதல்ல. 1960-ல் கோவையில் தொடங்கிய எல்ஜி, 2012-ல் வட கரோலினாவின் சார்லட் நகரத்து பேட்டன்ஸ் கம்பெனியையே விலைக்கு வாங்கியது. "வாங்கண்ணா, ஸ்டீல் வெச்ச ஷூ மட்டும் போட்டுட்டு வந்துருங்க, மத்ததெல்லாம் அங்கயே குடுத்துருவாங்க" என்றார் தம்பி.

உள்ளே நுழைந்ததும் சத்தம். பாட்டில்கள் கன்வேயரில் இடித்துக்கொள்கின்றன, மூடி போடும் மெஷின் தட்டுகிறது, சிலிண்டர்கள் ஒவ்வொரு முறையும் 'புஸ்' என்று காற்றைக் கக்குகின்றன. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காத இடத்தில் கசிவை எப்படிக் காதால் கண்டுபிடிப்பது? கருவியின் சூட்சுமமே அங்கேதான். ஆலைச் சத்தத்தில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. சின்னத் துளை வழியே அழுத்தக் காற்று பீறிடும்போது உண்டாகும் கொந்தளிப்பு, நம் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியும் ஒலி எழுப்பும். கருவி 40 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் செவிசாய்த்து, கிடைத்ததை நமக்குக் கேட்கும் ஒலியாக இறக்கி ஹெட்போனில் தருகிறது. தாழ்ந்த அதிர்வெண் இரைச்சல் எவ்வளவு இருந்தாலும் அதற்குப் பெரிய இடைஞ்சல் இல்லை.

கருவி பார்க்கத் துப்பாக்கி மாதிரி. ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூயார்க் மாநிலத்து எல்ம்ஸ்ஃபோர்டில் இருக்கும் யு.இ. சிஸ்டம்ஸ் பல்லாண்டுகளாக இந்த வகையைச் செய்துவருகிறது. தம்பி வேலையைத் தொடங்குமுன் பாக்கெட்டிலிருந்து காரின் சாவிக்கொத்தை எடுத்துக் கருவிக்கு முன்னால் குலுக்கினார். முள் துள்ளியது. சாவிகள் உரசும்போது நமக்குக் கேட்காத ஒலியும் ஏகத்துக்கு வருமாம். கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதைவிட மலிவான வழி இல்லை.

அதற்குப் பிறகு அவர் நடப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் உணர்திறனை ஏற்றி வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து ஒரு வீச்சு. சத்தம் வரும் திக்கில் நாலடி. உடனே உணர்திறனைக் குறைக்கிறார். மறுபடி வீச்சு, மறுபடி குறைப்பு. புதிதாக வருபவர்கள் குறைக்காமலே போய், எங்கே திருப்பினாலும் இரைகிறது என்று குழம்புவார்கள் என்றார். 40 கிலோஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதனால் ஒலி ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், ஒரு அட்டையை வைத்தே மறித்துவிடலாம். பக்கத்து வால்வின் இரைச்சல் குறுக்கிட்டால் இடையில் அட்டையை நீட்டுகிறார். இன்னும் சந்தேகம் என்றால் முனையில் ரப்பர்க் கூம்பை மாட்டிக்கொள்கிறார். ஓரிடத்தில் ஸ்டெயின்லெஸ் தொட்டிக்குள்ளிருந்து ஒலி வந்தது. அவர் தொட்டியைப் பார்க்கவே இல்லை, திரும்பி எதிர்ப் பக்கம் உத்தரத்தில் போகும் குழாயைப் பார்த்தார். பளபளப்பான தகடு ஒலியைத் திருப்பி அடிக்கும். விளக்கு கண்ணாடியில் தெரிகிற கோணத்தைப் போலவே இதற்கும் கோணம் பார்க்க வேண்டும்.

மூடி போடும் மெஷினுக்குப் பின்னால் குனிந்து ஒரு நீல நிற டியூபைக் காட்டினார். ஆறு மில்லிமீட்டர் பாலியூரித்தேன் டியூப், தள்ளினால் பிடித்துக்கொள்ளும் ரக பிட்டிங். அழுத்தத்தை மூடிவிட்டு டியூபை உருவிக் காட்டினார்: நுனி சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. யாரோ அவசரத்தில் கட்டிங் பிளையரால் நறுக்கிச் செருகியிருக்கிறார்கள். சாய்ந்த நுனியில் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் முழுச் சுற்றும் உட்காராது. டியூப் கட்டரால் ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டித் திரும்பச் செருகினார். ஹெட்போனை என் காதில் வைத்தார். சற்றுமுன் பொரிந்துகொண்டிருந்த இடம் அடங்கிவிட்டது. பெரிய மெயின் பைப்பில் கசிவு குறைவுதான். அங்கிருந்து மெஷினுக்கு இறங்கும் கடைசி முப்பது அடியில்தான் குயிக் கப்ளிங், ரெகுலேட்டர், வடிகட்டியின் கிண்ணம், தேய்ந்த ஹோஸ், டெஃப்லான் டேப் சுற்றாத மரை என்று எல்லாச் சங்கடமும் குடியிருக்கிறது.

இப்போது 64, 124 மைக்குகளை ஒரே தட்டில் பதித்த கேமராக்கள் வந்துவிட்டன. கசியும் இடத்தைத் திரையில் நிறப்புள்ளியாகவே காட்டும். உயரத்தில் போகும் லைனுக்கு அது வரம்தான். மெஷினின் வயிற்றுக்குள் போக இந்தத் துப்பாக்கியே தேவை என்பது தம்பியின் கட்சி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இந்தத் தேடலின் பயன் ஆலையோடு முடிவதல்ல. 2004 ஜனவரியில் சர்வதேச விண்வெளி நிலையத்தின் அழுத்தம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. டெக்சாஸின் ஹூஸ்டனில் தரைக்கட்டுப்பாட்டு மையம் எங்கே கசிகிறது என்று தேடச் சொல்ல, விண்வெளி வீரர் மைக்கேல் ஃபோல் இதேபோன்ற மீயொலிக் கருவியோடு தேடி, டெஸ்டினி ஆய்வுக்கூடத்தின் ஜன்னலோடு இணைந்த ஒரு வளையும் குழாயில் அதைக் கண்டுபிடித்தார். அங்கேயும் பாருங்கள், சுவரில் ஓட்டை இல்லை, ஹோஸ்தான்.

சிறு ஆலைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அமெரிக்காவில் ஒரு நல்ல ஏற்பாடு உருவானது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1976-ல் தொடங்கிய திட்டத்தில் பொறியியல் கல்லூரிகளின் பேராசிரியரும் மாணவர்களும் ஒருநாள் ஆலைக்கு வந்து, காசு வாங்காமல் மின் செலவை ஆராய்ந்து அறிக்கை தந்தார்கள். டெக்சாஸ் ஏ அண்டு எம், சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் ஆகியவை அப்படிப்பட்ட மையங்கள். இவர்களுடைய பரிந்துரைகளையெல்லாம் திரட்டி வைத்தது இந்த ஆலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். அந்தத் திரட்டில் காற்றுக் கசிவை அடை என்பது திரும்பத் திரும்ப வரும் பரிந்துரை. படித்த பிள்ளைகள் வந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஆலைகளும் கசிந்துகொண்டே இருந்தன என்றும் இதை வாசிக்கலாம்.

மதியம் ஷிப்ட் முடிந்து லைன்கள் நின்றன. கம்ப்ரஸர் அறை அனலாக இருந்தது. தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. ஒரு குதிரைத்திறன் ஏர் மோட்டாரைச் சுற்ற 7, 8 குதிரைத்திறன் மின்சாரம் வேண்டும். ஆலையில் இப்போது யாரும் காற்றைத் தொடவில்லை. ஆனாலும் 100 குதிரைத்திறன் கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியது. தம்பி போனில் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். 40 வினாடி காற்றை ஏற்றியது, பிறகு 90 வினாடி சும்மா சுற்றியது, மறுபடி 40. மொத்தம் 130 வினாடியில் 40: கசிவு 31 சதவீதம். கையேட்டின் கணக்கு அப்படியே கண்முன் நின்றது.

மெயிண்டனன்ஸ் பொறுப்பாளர் போர்ட்டோ ரிக்கோக்காரர், பெர்த் அம்பாயில் வீடு, ஓய்வுக்கு நெருங்கிய வயது. கசிவு கண்ட இடங்களில் தம்பி அன்று கட்டிய 47 சிவப்பு டேகுகளின் பட்டியலை வாங்கிப் பார்த்தார். "இதில் போன தடவை கட்டிய டேகும் இருக்கிறதே" என்றார். இருந்தது, தூசி படிந்து, எழுத்து அழிந்து. லைனை நிறுத்த உற்பத்தி மேலாளர் விடமாட்டார், ஓவர்டைமுக்கு ஆபீஸ் ஒப்பாது. கண்டுபிடிக்க ஆள் வைக்கும் கம்பெனி, அடைக்க ஆள் வைப்பதில்லை. இந்தத் தொழிலின் முக்கால்வாசிக் கதை இதுதான்.

மீதிக் கால்வாசி சர்வே அறிக்கைகளிலேயே இருக்கிறது. 100 பவுண்டு அழுத்தத்தில் எட்டில் ஒரு அங்குலத் துளை நிமிடத்துக்கு 25 கன அடி காற்றை விடும். அதைத் தயாரிக்க நாலரை கிலோவாட். வருடம் முழுக்க ஓடினால், யூனிட் 12 சென்ட் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 4,700 டாலர். கணக்கு சரிதான். ஆனால் துளையை அடைத்ததும் அந்த 4,700 டாலர் கைக்கு வந்துவிடும் என்று அறிக்கைகள் எழுதுவது சரியல்ல. வாயை நெருக்கிக் காற்றைக் குறைக்கும் பழைய கம்ப்ரஸர், பாதிக் காற்று தரும்போதும் 85 சதவீத மின்சாரத்தைத் தின்னும். ஏற்றி இறக்கி ஓடுவது, சும்மா சுற்றும்போதும் கால் பங்கு போலத் தின்னும். கசிவு குறைந்ததும் லைனில் அழுத்தம் ஏறினால், மீதித் துளைகள் முன்னைவிட வேகமாகக் கசியும். அடைத்த கையோடு அழுத்தத்தை இறக்கவும் வேண்டும். இரண்டு பவுண்டு இறக்கினால் சுமார் ஒரு சதவீத மின்சாரம் மிச்சம்.

"110-லிருந்து 100-க்கு இறக்கலாமா?" என்று கேட்டார் தம்பி. நாலாம் லைன் சூப்பர்வைசர் அதெல்லாம் நடக்காது என்றார், மூடி இறுகாதாம். அரைமணி நேரம் வாதம். கடைசியில் வாரத்துக்கு இரண்டு பவுண்டு வீதம் இறக்கிப் பார்ப்பது, மூடி தளர்ந்தால் உடனே நிறுத்துவது என்று முடிவானது.

தம்பி அப்போதுதான் கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை ஆலை லீவுதானே, கம்ப்ரஸர் எதற்கு ஓடுகிறது?"

பெரியவர் கிடங்குப் பக்கம் கையைக் காட்டினார். அந்தக் கிடங்கில் ஹீட்டர் கிடையாது. நியூஜெர்சிக் குளிரில் தீயணைப்புக் குழாயில் தண்ணீர் நின்றால் உறைந்து வெடிக்கும். அதனால் அங்கே குழாய்க்குள் தண்ணீருக்குப் பதில் காற்றை நிரப்பி வைத்திருக்கிறார்கள். தீப்பிடித்து ஸ்பிரிங்க்ளர் திறந்து காற்று வெளியேறினால்தான் தண்ணீர் உள்ளே வரும். அந்தக் காற்றைப் பிடித்து வைக்கத்தான் 100 குதிரைத்திறன் இரவும் பகலும் சுற்றுகிறது. கசிவை ஊட்டி வளர்த்தபடி ஓடும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு, தம்பி கணக்குப்படி, 115 டாலர் போல. அந்த ஸ்பிரிங்க்ளருக்குத் தனியாக ஒரு சின்னக் கம்ப்ரஸர் போதும். பெரியதைச் சனி இரவே அணைத்துவிடலாம். இதைக் கண்டுபிடிக்க 40 கிலோஹெர்ட்ஸ் தேவைப்படவில்லை.

"இது என் கையில் இல்லை, இன்சூரன்ஸ்காரர்களைக் கேட்க வேண்டும்" என்று பெரியவர் பட்டியலின் அடியில் 48 என்று எண் போட்டு எழுதிக்கொண்டார். அதற்கு டேக் இல்லை.