லாக் புக்கில் எழுதுமுன்

அன்புத் தம்பிக்கு,

சித்தப்பா எழுதுவது. ஃபோனில் சொன்னால் "சரி சித்தப்பா, சரி சித்தப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

நீ எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு டீப்வாட்டர் ஹொரைசன் ஞாபகம்தான். மெக்சிகோ வளைகுடா, 2010 ஏப்ரல் 20. பி.பி., டிரான்ஸ்ஓஷன் கம்பெனிகளின் அதிகாரிகள் அன்று அந்த ரிக்குக்கு வந்திருந்தார்கள். ஏழு வருஷமாக ஆளை வேலைக்கு வரமுடியாமல் முடக்கிய விபத்து ஒன்றுகூட இல்லையென்று பாராட்டினார்கள். அன்றிரவே 11 பேர் போய்விட்டார்கள். ஒருவர் உடலும் கிடைக்கவில்லை.

கிணற்றின் அடியில் போட்ட சிமென்ட் பிடித்திருக்கிறதா என்று அன்று மாலை பிரஷர் டெஸ்ட் செய்தார்கள். உள்ளிருக்கும் பாரத்தைக் குறைத்துவிட்டு, கீழிருந்து ஏதாவது தள்ளுகிறதா என்று பார்ப்பது. டிரில் பைப்பில் காட்டியது 1,400 பி.எஸ்.ஐ. கில் லைனில் பூஜ்யம். இரண்டும் ஒரே கிணற்றுக்குள் போகிற குழாய்கள் தம்பி, இரண்டிலும் ஒரே பிரஷர்தான் இருக்கவேண்டும். 1,400க்கு ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, பூஜ்யத்தை நம்பி டெஸ்ட் பாஸ் என்றார்கள். சிமென்ட்டைச் சோதிக்க வந்திருந்த வேறொரு குழுவை, சோதனை செய்யாமலே காலையில் திருப்பி அனுப்பியாகிவிட்டது. வேலை ஒரு மாசத்துக்கு மேல் பிந்திக் கிடந்ததே! இரவு பத்து மணிக்குள் ரிக் வெடித்துவிட்டது. எண்ணெயை நிறுத்த 87 நாள் ஆனது. அமெரிக்க அரசின் கணக்கில் கிணற்றிலிருந்து வந்தது 49 லட்சம் பீப்பாய்.

அதே பி.பி.யின் டெக்சாஸ் சிட்டி ரீஃபைனரியில் ஐந்து வருஷத்துக்கு முன்புதான் 15 பேர் செத்திருந்தார்கள். அங்கே டவர் நிரம்பி வழியப்போகிற நேரத்தில் மட்டம் இறங்குவதாக மீட்டர் காட்டியது. அடிக்கவேண்டிய அலாரமும் அடிக்கவில்லை.

ஹொரைசன் விசாரணையில் அதன் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் சொன்னது என் மனசை விட்டுப் போகவில்லை. விடியக்காலை மூன்று மணிக்குப் பொய் அலாரம் அடித்து ஆட்களை எழுப்பக்கூடாது என்று, பொது அலாரம் தானாக அடிக்காதபடி வைத்திருந்தார்களாம்.

எனக்கு ஏன் இது இப்படித் தைக்கிறது என்று உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. நான் ஷிப்டு பார்த்த இடத்தில் ஒரு கேஸ் டிடெக்டர், மழை தூறினாலே கத்தும். ரிப்பேருக்கு எழுதிக் கொடுத்து நாலு மாசமாகியும் யாரும் வரவில்லை. ஒரு நைட் ஷிப்டில் போய்ப் பார்த்தால், அதன் தலையில் பாலித்தீன் பையைக் கவிழ்த்து டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி பிரிந்து காற்றில் படபடத்தது. நான் அந்த நுனியை அழுத்தி ஒட்டினேன். பையைக் கழற்றவில்லை. காலையில் லாக் புக்கில் "எல்லாம் நார்மல்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கையெழுத்து மட்டும் இன்றுவரை உறுத்துகிறது.

நீ புது ஆள். மேலே இருப்பவர் அனுபவஸ்தர், அவசரப்படுத்துவார். இரண்டு மீட்டர் இரண்டு கணக்குச் சொன்னால், "சார், எனக்குப் புரியவில்லை, நிறுத்திப் பார்க்கலாம்" என்று கேள். திட்டினால் திட்டட்டும். வேலை போனால் வீட்டுக்கு வா, சித்தப்பா இருக்கிறேன்.

சித்தி நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், லீவில் வரும்போது எடுத்துக்கொண்டு போ. நீ படுக்கும் ரூமில் அலாரம் சத்தம் கேட்கிறதா? முதல் பாதுகாப்பு டிரில் நடந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா