பள்ளிவாசல் அடுப்பும் பாரசீக வளைகுடாவும்

நம் மஹல்லாவில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் அடுப்புக்கு ஒரு வரலாறு உண்டு. நாம் சிறுவராயிருந்த காலத்தில் பள்ளிவாசலின் பின்கட்டில் சவுக்கு விறகு அடுக்கப்பட்டிருக்கும். லுஹர் தொழுகை முடிந்ததும் அண்டா அடுப்பேறும். கஞ்சி காய்ச்சும் பெரியவர் புகையோடு போராடிக் கண் சிவந்து நிற்பார். பின்னர் எரிவாயு வந்தது. புகை நீங்கிற்று, பெரியவரின் இருமலும் தணிந்தது. நாமும் மகிழ்ந்தோம்.

2022 ஏப்ரல் முதல் நாள் வணிக எரிவாயு உருளையின் விலை ஏறத்தாழ 250 ரூபாய் உயர்ந்தது. சென்னையில் அது 2,400 ரூபாயைக் கடந்தது. ஏப்ரல் 3ஆம் நாள் ரமளான் நோன்பு தொடங்கிற்று. கஞ்சியின் அளவைக் குறைப்பதா, சந்தாவைக் கூட்டுவதா என்பதே அன்று ஜமாஅத் கூட்டத்தில் எழுந்த வினா. அதுவரை உருளைக்குள் இருப்பது எங்கிருந்து வருகிறது என்று நாம் எண்ணியதேயில்லை.

சமையல் எரிவாயு, இயற்கை எரிவாயுவிலிருந்தும் கச்சா எண்ணெயிலிருந்தும் பிரித்தெடுக்கப்படும் புரொபேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. 2022இல் நம் நாட்டுத் தேவையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி கடல் கடந்தே வந்தது. அதிலும் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து வந்தது. சவூதி அரம்கோ நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையே அதற்கு அடிப்படை. 2020 ஏப்ரலில் டன்னுக்கு 230 டாலராக இருந்த புரொபேன், 2022 ஏப்ரலில் 940 டாலராயிற்று.

இயற்கை எரிவாயுவின் கதையும் இத்தகையதே. அதனை மைனஸ் 162 டிகிரி வரை குளிர்வித்தால் திரவமாகி, கன அளவில் அறுநூற்றில் ஒரு பங்காய்ச் சுருங்கும், கப்பலேறும். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு ரஷ்யாவினுடையது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபின் ஐரோப்பா கப்பல் எரிவாயுவை நாடிற்று. உடனடிச் சந்தையில் மிகுதியாக விலை கொடுப்பவரிடமே கப்பல் செல்லும். அவ்வாண்டு ஜூலையில் வங்காளதேசம் அச்சந்தையில் வாங்குவதை நிறுத்தி, மின்வெட்டுக்கு உள்ளாயிற்று. பாகிஸ்தான் கோரிய ஒப்பந்தப்புள்ளிக்கு விற்க முன்வந்தவர் ஒருவருமில்லை. போரிட்டவர் வேறு, இருளில் அமர்ந்தவர் வேறு.

நம் நாடு 1999இலேயே கத்தாருடன் நெடுங்கால ஒப்பந்தம் செய்திருந்தது. 2004இல் குஜராத்தின் தஹேஜ் துறைக்கு முதற்கப்பல் வந்தது. 2024 பிப்ரவரியில் அவ்வொப்பந்தம் 2048 வரை நீட்டிக்கப்பட்டது. நெடுங்கால ஒப்பந்தம் ஒரு குடை போன்றது. தூறலுக்கு அது தாங்கும். புயலுக்குத் தாங்குமா என்பது ஐயமே.

அன்றைய கூட்டத்தின் முடிவு இது: கஞ்சி குறையலாகாது; ஏழைகள் தரும் சந்தாவும் ஏறலாகாது; ஓர் அண்டாவுக்கு மீண்டும் விறகு. மறுநாள் பின்கட்டில் புகை எழுந்தது. பெரியவரின் இருமலும் திரும்பிற்று. விலையேற்றத்தின் கணக்கில் அந்த இருமலைச் சேர்ப்பவர் எவர்?

வீண்விரயத்தை நம் மார்க்கம் விலக்கியிருக்கிறது. கதிரவனின் ஒளியும் சாணத்தில் பிறக்கும் வாயுவும் எந்த நீரிணையையும் கடந்து வரவேண்டியவை அல்ல. மாணவச் செல்வங்கள் இவற்றைப் பாடநூலில் படிப்பதோடு நில்லாது, நம் பின்கட்டு அடுப்புக்கும் கொண்டுவருதல் வேண்டும். பெரியவர் புகையின்றிக் கஞ்சி காய்ச்சும் நாளை அவர்களே தரவல்லவர்.