வைவாவில் விட்டதை ஊட்டியில் பிடிச்சேன்!

ஊட்டின்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? போட்டிங், வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட்? எனக்கு இனிமே ஒரு வைவா கேள்விதான் ஞாபகம் வரும்!

"மைக்ரோவேவ் பிளாஸ்மாவுக்குள்ள போனா ஃப்ரீக்வென்ஸி மாறுமா?"

"மாறும் சார்!"

"எப்படி?"

அவ்வளவுதான். ஆள் அவுட்!

அந்தக் கடுப்போடுதான் டிபார்ட்மென்ட் டூரில் முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்பைப் பார்க்கப் போனேன். கேரட் தோட்டங்களைத் தாண்டினால், மலைச்சரிவில் படுத்திருக்கிறது 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ராட்சசக் கம்பி வலை. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி, 1970-ல் வேலையை ஆரம்பித்தது.

ஏன் சரிவில்? சரிவு சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அதே 11! அதனால் டெலஸ்கோப்பின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் துரத்தலாம். மலையையே மெஷினாக்கிட்டாங்க பாஸ்!

இது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ். 300-ஐத் தாண்டினாலே மைக்ரோவேவ் என்று சொல்லும் புத்தகங்களும் உண்டு. தூரத்து கேலக்ஸியிலிருந்து வரும் அலை, சூரியக் காற்று என்கிற பிளாஸ்மாவைக் கடந்துதான் இங்கே வருகிறது. அந்தக் காற்றின் அடர்த்தி சீராக இல்லாததால் சிக்னல் மினுக்குகிறது. மினுக்கலை வைத்தே காற்றின் வேகத்தைக் கணக்கு போடுகிறார்கள்!

சரி, வைவா கேள்வி? பதில் திரும்பி வரும்போது மலைப்பாதையில் கிடைச்சுது. மேட்டுப்பாளையத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் கிளம்புதுன்னு வைங்க. மலையேறும்போது வேகம் மாறும், பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் உள்ள தூரமும் மாறும். ஆனா, ஊட்டிக்கு பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுதான் வந்து சேரும். அதுபோலத்தான், பிளாஸ்மா மாறாமல் இருந்தால் அலையின் வேகமும் அலைநீளமும்தான் மாறும். ஃப்ரீக்வென்ஸி அப்படியே இருக்கும்.

வழியில் டிராஃபிக் ஜாம் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறினால்? ஒவ்வொரு பஸ்ஸும் முந்தினதைவிட அதிகம் லேட். ஊட்டியில் இடைவெளியே மாறிடும். பிளாஸ்மாவின் அடர்த்தியும் அப்படி நேரத்தோடு மாறிக்கொண்டே இருந்தால், வந்து சேரும் ஃப்ரீக்வென்ஸியும் துளியூண்டு நகரும். ஒரே வித்தியாசம்... பிளாஸ்மாவில் அடர்த்தி ஏறினால் அலையின் முகடுகள் லேட்டாகாது, முந்திக்கொள்ளும்!

ஆக, என் பதில் பாதி சரி. 'எப்போ மாறும்'னு சொல்லத் தெரியாததுதான் தப்பு. மார்க் போனது போனதுதான்... விஷயம் இனி போகாது!

நீங்களும் போங்க. முன்அனுமதி, ஸ்வெட்டர் ரெண்டும் முக்கியம். செல்போனை ஆஃப் பண்ணிடுங்க. அங்கே கேட்கவேண்டியது வேற ரிங்டோன்!