எதைக் கொண்டு அளப்பது?

புதுச்சேரியிலிருந்து மேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் போனால் வில்லியனூர். ஈஸ்டர் கழிந்ததும் அங்கே லூர்து மாதா திருவிழா. சென்ற தடவை என் தோழி என்னையும் விடாமல் அழைத்துப் போனாள். அவள் கத்தோலிக்கப் பெண், நான் அல்ல. ஆனால் கோவிலுக்கு முன்னாலுள்ள குளத்தைச் சுற்றிவந்த கூட்டத்தில், என்னைப் போல் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள் எத்தனையோ பேர்!

"பார்த்தாயா, எங்கள் கோவில் எப்படிச் செழிப்பாக இருக்கிறது!" என்றாள் தோழி.

செழிப்பை எதைக் கொண்டு அளப்பது? 1877-ல் பிரான்சிலிருந்து மாதா சுரூபம் இங்கே வந்து சேர்ந்த காலத்தில் இருந்த வெள்ளைக்காரச் சாமியார்கள், ஞானஸ்நானம் பெற்றவர் இத்தனை பேர் என்று வருஷா வருஷம் பாரிஸுக்குக் கணக்கு எழுதினார்கள். இன்றும் பங்குக் கோவில்களில் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு உண்டு. உண்டியல் கணக்கும் இருக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஆனால் எந்தச் சோறு? மேலாக மிதக்கும் பருக்கையைப் பார்த்துக் கஞ்சியை வடித்துவிட்டு, இலை போட்டபிறகு விழித்தவள் நான். கரண்டியை அடிவரை விட்டல்லவா எடுக்க வேண்டும்!

குளத்துப் படியில் ஒரு கிழவி பாட்டிலில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். வெளியூர்க்காரி. பேச்சுக் கொடுத்தேன்.

"உங்கள் ஊர்க் கோவில் பெரிதா, பாட்டி?"

"பெரிசுதாம்மா. பூசைக்கு எல்லாரும் ஒண்ணாத்தான் உட்காருறோம். கல்லறைத் தோட்டந்தான் ரெண்டு."

அவள் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பாட்டிலை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எனக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நினைவுக்கு வந்தது. புதுச்சேரிக் கோவில் ஒன்றில் பறையர்களைத் தனியே பிரித்துவைத்த சுவரைப் பற்றி 1745-ல் அவர் எழுதியிருக்கிறார். அவர்கள் சாமியாரிடம் போய், 'நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே' என்கிற நியாயத்தைக் கேட்டார்கள். சுவரை இடிக்க உத்தரவாயிற்று. சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

அது பழங்கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் 2008-ஐ என்ன செய்வது? உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் எறையூர். இதே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம்தான். தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். கோவிலிலும் சாவு ஊர்வலப் பாதையிலும் பட்ட பேதம் தாங்காமல் கேட்டது. அந்த மார்ச் மாதம் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இரண்டு உயிர் போயிற்று. அந்த ஊரில் திருவிழாவுக்கும் தேருக்கும் குறைவே கிடையாது. பதிவேட்டைப் பார்த்தால் எறையூரைவிடச் செழிப்பான பங்கு எது என்று தோன்றும்!

குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். எங்கள் பக்கத்தில் சுடுகாடு எத்தனை என்று எண்ணினால் நானும் வாயை மூடிக்கொள்ள வேண்டியவள். ஆனால் தோழியின் கோவில் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று தினமும் ஜெபிக்கிற கோவில். அதை அளக்க அவர்கள் சொல்லையே படியாக வைத்துக்கொண்டேன், வேறொன்றுமில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டேன்: "உன் பிறந்த ஊரில் கல்லறைத் தோட்டம் எத்தனை?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றாள்.

இன்னும் சொல்லவில்லை.